இரண்டு பேர் கூடாரம்

புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிவிட்டார் கணவர். சும்மா இல்லை. முதுகில் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில்களும் பழைய பத்திரிகைக் கட்டுகளும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் மேலும் கீழுமாக நடையாய் நடப்பதைப் பார்த்த இரண்டாவது மாடி வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, "லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள். இல்லை, காட்டுக்குப் போகப் பழகுகிறேன் என்று சொன்னால் அந்த அம்மாள் என்ன நினைப்பாளோ! "ஆமா, ரிப்பேர்தான்" என்று சொல்லிவிட்டு இவள் இறங்கிப் போனாள்.

"அங்க போய் பூட்ஸ் கடிச்சா ஓடி வந்து மாத்த முடியாது," என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கடிச்ச இடம் கொப்புளமாகும். கொப்புளம் உடையும். உடைஞ்சா சீழ் வைக்கும். சீழ் வச்சா..."

சீழ் வைத்தால் என்ன ஆகும் என்பது அவள் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் சாவில் போய்த்தான் முடியும் என்பது இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு மனப்பாடம்.

அவர் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் சைரன். ஆள் வருவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடுமாம். தலைக்கவசம் எங்கே, கையுறை எங்கே, ஏணியைப் பிடிக்க ஆள் எங்கே. அவர் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் கை கால் குறையாமல் வீடு திரும்பினார்கள் என்பது உண்மை. அவர் ஓய்வு பெற்ற அன்று அத்தனை பேரும் பலமாகக் கைதட்டி வழியனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனார்கள் என்பதும் உண்மை. அவர்களை விட்டது, இவளைப் பிடித்தது.

வீட்டில் அவள் அடுப்பைக் குமிழ் திருகி மூடினால் அவர் வந்து இன்னொரு தரம் மூடுவார். வாசலில் மிதியடி கிடையாது, தடுக்கும். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் கதவை உடைக்க நேரமாகும் என்று எப்போதோ அதைக் கழற்றிவிட்டார். அதற்குப் பதிலாக வெளியே நின்று, "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்று அவள் சொல்ல வேண்டும். வாயில் சோப்பு நுரை போனாலும் சொல்ல வேண்டும். ஒரு தரம் கோபத்தில் சொல்லாமல் இருந்து பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தே விட்டார், முகம் வெளிறி, கை நடுங்க. அந்த முகத்தைப் பார்த்த பிறகு கோபப்படவும் முடியவில்லை. அதுதான் அவளுக்கு வாய்த்த வினை. பொல்லாத ஆளாக இருந்தால் சண்டை போடலாம், நாலு பேரிடம் சொல்லி அழலாம். பாசத்தில் பண்ணுகிற ஆளை என்ன செய்வது?

அவள் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஒரு நாள் கீறல் விழுந்த லென்ஸை மாற்ற வந்த பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் ஒரு கதை சொன்னாள். வெளிநாட்டில் ஏதோ ஒரு காட்டு முகாமுக்குச் சம்பளம் இல்லாத தொண்டு வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அங்கே ஒரு தண்ணீர்க் குட்டை. பக்கத்தில் தழை போட்டு மூடிய மறைப்பு. காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மறைப்புக்குள் உட்கார்ந்து எந்த மிருகம் வருகிறது, குட்டியோடு வருகிறதா, நொண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"பேச்சுத்துணைக்கு ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டாள் இவள்.

"பேசவே கூடாதுங்க. இருமினாக்கூட திட்டு விழும்."

"யாராவது கூப்பிட்டா?"

"யாரு கூப்பிடப் போறா? சாயந்தரம் வண்டி வர்ற வரைக்கும் நீங்க உண்டு, குட்டை உண்டு."

அன்றைக்கு அந்த லென்ஸை அவள் தேய்த்த தேய்ப்பில் அளவு குறைந்துபோய் இன்னொன்றை எடுக்க வேண்டியதாயிற்று.

மிருகங்கள் மேல் அவளுக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. உள்ளதைச் சொன்னால், தெருநாயைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போகிறவள். ஆனால் கூப்பிட ஆளில்லாத ஓர் இடத்தில் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கக் கிடைத்தால் மிச்ச ஆயுளை எப்படியோ ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. கிடைக்காவிட்டால் ஓட்ட முடியாது என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம் வந்தபோது அவளுக்கே திக்கென்றது. முகாமுக்கு எழுதிப் போட்டாள். வரச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் வீட்டில் சொன்னாள்.

அவர் போகாதே என்று சொல்லவில்லை. சைரன் எதையும் தடுக்கிற ஆள் இல்லை, சோதித்துப் பார்க்கிற ஆள். ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் வைத்தால் அவளே பின்வாங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். முகாமின் நகர அலுவலகத்துக்குப் போன் செய்து, அங்கே பொறுப்பில் இருந்த அம்மாளைத் துளைத்தெடுத்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். அவருடைய ஆங்கிலம் ஆலை ஆங்கிலம். கசிவு, கோளாறு, காரணம், திருத்தம் என்று நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தையே விசாரித்துவிடுவார்.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. நீலத்திலும் கறுப்பிலும் துணி கூடாது, கடிக்கிற ஈ அந்த நிறத்தைத் தேடி வரும் என்றார். அவளிடம் இருந்த நல்ல துணியெல்லாம் நீலம். மண் நிறத்தில் புதிதாக எடுத்தாள். கழிப்பறை என்றால் குழி, குளியல் என்றால் ஒரே ஒரு வாளி என்றார். அந்த ஒரு வாளியில் தலைக்கும் ஊற்றி, உடுத்திய துணியையும் அலசி, மிச்சத் தண்ணீரோடு வெளியே வந்து காட்டினாள். காலையில் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடக் கூடாது, தேள் இருக்கும் என்றார். பழகட்டும் என்று அவரே தினமும் பூட்ஸுக்குள் எதையாவது போட்டு வைத்தார். பாட்டில் மூடி, துணி க்ளிப், ஈர உருளைக்கிழங்குத் தோல். ஒரு நாள்கூட அவள் தட்டாமல் காலை விடவில்லை. மலேரியா மாத்திரை சிலருக்கு மண்டையைக் குழப்பும், கெட்ட கெட்ட கனவாக வரும், இங்கேயே சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். சாப்பிட்டாள்.

"ஒண்ணும் ஆகலையா?" என்று மறுநாள் காலையில் கேட்டார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்டார்.

"ஒண்ணும் ஆகலைங்க. கனவே வரலை."

அவள் தங்கை ஒரு நாள் வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். ஹால் முழுக்கச் சாமான். தண்ணீர் வடிகட்டி, உப்புக்கரைசல் பொட்டலங்கள், கொசுவலை, தலையில் மாட்டும் விளக்கு. நடுவே சைரன் தரையில் சம்மணம் போட்டு அந்த விளக்குக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கு," என்று அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்ச் சொன்னாள். "மழை கொட்டும்போது குடையை எடுத்துக் குடுக்கக்கூட எழுந்திருக்காது. மாமா உன்னை உள்ளங்கையில வச்சுத் தாங்குறார். குடுத்து வச்சவக்கா நீ."

"ஆமாடி," என்றாள் அக்கா. உள்ளங்கையில் வைத்தவர் விரல்களையும் மடக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று தங்கையிடம் கேட்கவா முடியும்?

கூடாரம் வந்த அன்றுதான் எல்லாம் திசை மாறியது. அந்த முகாமுக்குக் கூடாரத்தை நாமே கொண்டுபோக வேண்டும். ஒருவர் படுக்கிற அளவு போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் இரண்டு பேர் கூடாரமாக வாங்கி வந்தார். சாமான் வைக்க இடம் வேண்டாமா என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, அவளையே கம்பிகளைக் கோத்து நிறுத்தச் சொன்னார். முதல் தரமே நின்றது. ஃபேனை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார்.

"உள்ள போய்ப் படு. அங்க இப்படித்தான் புழுங்கும். தாங்குதான்னு பார்ப்போம்."

அவள் உள்ளே போய் ஜிப்பை இழுத்தாள். ஜிப்பின் இரண்டு பிடிகளையும் சேர்த்து மாட்ட உள்பக்கம் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. மாட்டினாள். மாட்டி முடித்ததும் உடம்பில் ஏதோ ஒன்று இளகியது, என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அவள் திறந்தால் ஒழிய யாரும் உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் விஷயம். எத்தனையோ வருஷமாக அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் அவள் இருந்ததில்லை.

"இருக்கியா?" என்று வெளியே கேட்டது. "இருக்கேன்" என்று ஒரு தரம் சொன்னதாக ஞாபகம். பிறகு தூங்கிப்போனாள். துணியெல்லாம் வேர்வையில் நனைய, வாயைத் திறந்துகொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கினாள். விழித்தபோது கூடாரத் துணிக்கு அப்பால் வெளிச்சம் மங்கியிருந்தது. கொக்கியை எடுத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினால், எதிரே தரையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் கத்தரிக்கோல்.

"என்னங்க இது, கத்தரிக்கோல் எதுக்கு?"

"கூப்பிட்டேன், நீ பதில் சொல்லலை. குறட்டை மட்டும் கேட்டுச்சு. அது நின்னா துணியைக் கிழிச்சுடலாம்னு இருந்தேன்."

மத்தியானத்திலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். டீகூடப் போட்டுக் குடிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது.

"தூக்கம் வந்துச்சா? இந்தப் புழுக்கத்துலயா?"

"இந்த மாதிரி தூங்கி எவ்வளவு காலமாச்சுங்க," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒத்திகை ஒன்றும் நடக்கவில்லை. பூட்ஸுக்குள் மூடியும் கிடக்கவில்லை, தோலும் கிடக்கவில்லை. மனுஷன் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். எந்த நேரத்தில் நினைத்தாளோ!

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்பது முகாமின் விதி. இரண்டாவது ஊசிக்கு அவர் கூடவே வந்தார். அவர் வராத இடம் எது? சின்ன அறை, ஒரு ஸ்டூல், சுவரில் ஓடாத கடிகாரம். நர்ஸ் அவள் தோளில் பஞ்சைத் தேய்த்து, குத்தி எடுத்து, "அழுத்திப் பிடிங்கம்மா" என்றாள். அவள் எழுந்தாள். அவள் எழுந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டினார்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"நானும் வர்றேன்ல," என்றார், ஏதோ கடைத்தெருவுக்கு வருகிற மாதிரி. "அந்தம்மாகிட்ட பேசிட்டேன். அங்க ஜெனரேட்டர் இருக்கு, எரிவாயு சிலிண்டர் இருக்கு, தீயணைக்கிற கருவி எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலை. என்னை மாதிரி ஆள் வேணும்னு ஒரே சந்தோஷம் அவங்களுக்கு. உன்னைத் தனியா விட்டுடுவேன்னா நினைச்சே? அந்த மறைப்புல ரெண்டு பேர் தாராளமா உட்காரலாமாம். கேட்டுட்டேன்."

"புருஷன் பொண்டாட்டி சேர்ந்தே காட்டுக்குப் போறீங்களா!" என்றாள் நர்ஸ். "எங்க வீட்டுக்காரர் என்னை எதிர்க்கடைக்குக்கூடக் கூட்டிட்டுப் போறதில்லை."

ஊசி அவர் தோளுக்குள் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். முழுக்க இறங்கி முடிகிற வரைக்கும், இது ஏதோ தவறு, நர்ஸே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அசட்டுத்தனமாக நம்பிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஊசியை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் அவர். காட்டில் எங்கெங்கே என்னென்ன எச்சரிக்கைப் பலகை வைக்கப்போகிறார், கூடாரத்தில் எந்தப் பக்கம் யார் தலை வைப்பது, விடியற்காலை அவள் குழிக்குப் போகும்போது அவர் எவ்வளவு தூரத்தில் நின்று காவல் இருப்பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொக்கி போட்ட கூடாரத்துக்குள்ளும் அவர், தழை மறைப்புக்குள்ளும் அவர். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள்.

ஊர் உலகத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். வேலை அதிகமானால் சொல்வார்கள், விருந்தாளி அதிகமானால் சொல்வார்கள். அவர் பேச்சை நிறுத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து நின்று, "வண்டியை நிறுத்து!" என்று கத்தினார் பாருங்கள், ஆலையில் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. டிரைவர் பயந்துபோய் பிரேக் போட்டதில் நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, நடைபாதையில் உட்காரவைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, நாடியைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த வார்த்தையை யாரிடம் சொல்லிவிட்டோம் என்று.

கல்யாணமான புதிதில் ஆலையில் ஒரு தொட்டியைக் கழுவ ஆள் இறக்கினார்கள். உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா என்று அவர் கேட்டார். பார்த்தாயிற்று என்றார் மேஸ்திரி. பார்க்கவில்லை. இறங்கியவன் உள்ளேயிருந்து, "சார், மூச்சு முட்டுது" என்று கத்தினான். பிடித்து நிறுத்திய கைகளை உதறிவிட்டு, அவனைத் தூக்க அவன் அண்ணன் குதித்தான். இரண்டு பேரையும் பிணமாகத்தான் கயிறு கட்டி மேலே எடுத்தார்கள். அதற்கு முன்னால் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள். அந்த ஆளுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். அன்று ஆலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை, சைரன்தான் வந்தார். மற்றவர்களுக்கு மூச்சு முட்டுவதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். அவருக்கு ஒன்றுதான்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், படம் எடுத்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"அன்னைக்கும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாங்க," என்றார் கணவர், டாக்டரைப் பார்த்து. டாக்டருக்கு எந்த அன்றைக்கு என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களை எல்லாம் திறந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். அப்படி இல்லைங்க, நான் சொன்னது வேற, என்று அவள் ஆரம்பித்தாள். "பேசாதே, மூச்சு வீணாகும்," என்றார். சொல்லவிடவே இல்லை.

சில நாள் கழித்து, கடையில் அவள் வேலையாக இருக்கும்போது போன் வந்தது. முகாம் பொறுப்பாளர் அம்மாள். இதமாகத்தான் பேசினாள். உங்கள் கணவர் உள்ளதைச் சொல்லிவிட்டார், பல பேர் மறைத்துவிடுவார்கள், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதே பெரும் பயணமாக இருக்கிற இடத்தில் மூச்சுக்கோளாறு உள்ளவரை வைத்துக்கொள்ள விதி இடம் தராது. உங்கள் இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டோம். அவர் இடம் அப்படியே இருக்கிறது, அவரும் வரவில்லை என்கிறார், நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?

வளைப்பதற்காகச் சூட்டில் வைத்த ஃப்ரேமை எடுக்க மறந்துவிட்டாள். அது கருகிச் சுருண்டு நாறியது. முதலாளி உள்ளேயிருந்து என்ன நாற்றம் என்று கேட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அவருடைய வெளிறிய முகத்தை நினைத்த பிறகும், வாழ்க்கையில் முதல் தரமாக, அது அடங்கவில்லை. மத்தியானமே கடையிலிருந்து கிளம்பினாள்.

அவர் ஹாலில் இருந்தார். கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். விரலில் மாட்டினால் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுகிற க்ளிப் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்திருந்தார்.

"வந்துட்டியா? விரலைக் குடு."

"எனக்கு மூச்சுல ஒண்ணும் இல்லை."

"டாக்டர் சொன்னா ஆச்சா? அவர் என்ன..."

"டாக்டர் சொல்லலை. நான் சொல்றேன். நீங்க வாயைத் திறக்காம ஒரு நிமிஷம் உட்காருங்க."

அவள் குரல் அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்.

"நீங்க பாத்ரூம் கதவுக்கு வெளிய வந்து நிக்கிறீங்கள்ல, அப்ப முட்டுது. நான் மூடின அடுப்பை வந்து மூடுறீங்கள்ல, அப்ப முட்டுது. இருக்கியா இருக்கியான்னு கேக்குறீங்க. இருக்கேன் இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே நான் இல்லாமப் போயிட்டேங்க. உங்க குரல் கேக்காத ஒரு இடத்துல மூணு மாசம் இருக்கணும்னுதான் காட்டுக்குக் கிளம்பினேன். மிருகம் மேல எல்லாம் எனக்கு ஆசை இல்லை. அங்கயும் நீங்க வர்றேன்னு சட்டைக்கையைச் சுருட்டினீங்க பாருங்க, அப்ப செத்துடலாம்னு இருந்துச்சு. அதைத்தான் பஸ்ல சொன்னேன். வேற எதுவும் இல்லை."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த க்ளிப்பைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

"அப்ப இரைப்பு, நெஞ்சடைப்பு, எதுவும் கிடையாதா?"

"கிடையாது."

"முன்னாடியும் இருந்ததில்லையா?"

"இல்லை."

"அப்ப நான் அங்க சொன்னது தப்பு ரிப்போர்ட்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாழ்நாள் முழுக்க அடக்கி வைத்ததை ஒருத்தி கொட்டுகிறாள், அதற்கு இதுவா பதில்? "நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க என்ன பேசுறீங்க?" என்று கத்தினாள்.

"தப்பு ரிப்போர்ட் நிக்கக் கூடாது," என்று அவர் எழுந்தார். "பார்க்காததைப் பார்த்தேன்னு ஒருத்தன் சொன்னான். அதுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும்."

போனை எடுத்து முகாமைக் கூப்பிட்டார். ஆலையில் மேலதிகாரியிடம் பேசும்போது நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றுகொண்டார். அந்த ஆலை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். முன்பு கொடுத்த தகவல் தவறு. திருத்தம். மனைவியின் மூச்சு உறுப்புகளில் கோளாறு எதுவும் இல்லை.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்படியென்றால் மூச்சு முட்டுகிறது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நம் பேச்சில் ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியது, அந்த பாஷையில் அவரிடம் இல்லை. இருந்த நாலு வார்த்தைக்குள்ளேயே தேடினார்.

"காரணம், கணவர்," என்றார்.

அவர்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம், ஆலையின் அடுத்த கோடிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "காரணம் நான். நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். நான் இல்லாவிட்டால் முட்டாது. இதுதான் சரியான ரிப்போர்ட்."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் பேசியதை அவ்வளவு சத்தமாக அவள் கேட்க விரும்பியதில்லை. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"அந்த இடம் போயிடுச்சுன்னா, என் இடம் இருக்குல்ல?" என்ற பொருளில் கேட்டார். "அதில் அவளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லை. நான் வரவில்லை. எப்போதும் வரவில்லை."

போனை வைத்தார்.

"போட்டுக்கிட்டாங்க. தேதி மாறலை. நீ போகலாம்."

சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல், தொண்டை வரைக்கும் வந்தது. தரையில் பரப்பிக் கிடந்த சாமான்களுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அது குறையவில்லை, ஆனால் அதோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. கை நடுங்கவில்லை. அவர் குனிந்து வடிகட்டியை எடுத்துத் துடைத்தார், பைக்குள் வைத்தார். கொசுவலையை மடித்தார். பாதி மடிக்கும்போது நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும். உள்ளதைச் சொல்லணும். எனக்காக மாத்திச் சொல்லக் கூடாது."

"கேளுங்க."

"மூணு மாசம் போதுமா?"

போதும் என்று சொல்லலாம். வாய்வரைக்கும் வந்தது. போதுங்க, போயிட்டு வந்துடுவேன், உங்க மாத்திரையை மறக்காம சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டால் அவர் தலையாட்டுவார், கொசுவலையை மடித்து முடிப்பார், அவள் போய்ச் சமையலைக் கவனிக்கலாம். அவர் வலையின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதாதுங்க," என்றாள்.